பதினொன்றாம் எள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் குடம், வாளி, அண்டா மொத்த வியாபாரம் செய்துவந்த தேவப்பிரியத்தின் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலி கிடந்தது. வாங்கி வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. விற்பனையாளர் ரஷீது காலையில் கடை திறந்ததும் அந்த உறையை ஈரத்துணியால் துடைப்பார். கால் வலிக்கிற வாடிக்கையாளர் யாராவது அதில் உட்காரப் போனால், "அதுல குந்தாத நைனா, சின்ன மொதலாளிக்கு வெச்சிக்கீது" என்று சொல்லி, ஓர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்காரவைப்பார்.

சின்ன முதலாளி என்று அழைக்கப்பட்ட எபினேசர் அந்தக் கடையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவருடைய வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆனால் அவர் படித்தது, பட்டம் வாங்கியது, திருவொற்றியூருக்குத் தனிக்குடித்தனம் போனது, இயற்கணித வடிவியல் என்ற துறையில் போய் விழுந்தது எல்லாமே அந்த நாற்காலியிடமிருந்து விலகி விலகிப் போகத்தான் என்பதால், நாற்காலியை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. நாற்காலிக்கு அவசரமில்லை. அது நல்ல ரெக்சின்.

தேவப்பிரியம் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்தவர். முப்பது வருடமாக வட சென்னையில் குடம் விற்றும் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட இந்த ஊருக்கு விட்டுக்கொடுக்காதவர். 2003ஆம் ஆண்டு கோடையில் சென்னை முழுக்கக் குழாய்கள் காற்றை விட்டுக்கொண்டிருந்தபோது, குடம் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே, மகனை வரவழைத்து அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்.

"ஏல எபி, மீஞ்சூருக்கு அங்கிட்டு ஒரு காலேஜில தற்காலிகமா பாடம் எடுக்கதெல்லாம் ஒரு சோலியால? அந்த ஆராய்ச்சி நிலையத்துல ஒன்ன நிரந்தரமா எடுத்துக்கிட்டாவன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். வார ஈஸ்டருக்குள்ள எடுக்கலன்னா, அந்த உறையப் பிரிச்சிர வேண்டியதுதான்."

எந்த உறை என்று எபினேசர் கேட்கவில்லை. ரஷீது துடைத்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் நிரந்தரமாவதற்கு ஒரு தேற்றம் வேண்டும். எபினேசரிடம் ஒன்று இருந்தது. பொதுமக்கள் நலன் கருதி அதை இங்கே முறுக்கில் விளக்குகிறோம்.

இரண்டு கண் உள்ள ஒரு முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அங்கங்கே சில எள். முறுக்கை இழுக்கலாம், நெளிக்கலாம், எள்ளை நகர்த்தலாம். ஒவ்வொரு நெளிவும் ஒரு தனி வடிவம். இப்படி உண்டாகக்கூடிய அத்தனை வடிவங்களுக்கும் ஆளுக்கொரு மனை ஒதுக்கி, ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் குடியேற்றினால் ஒரு பெரிய நகர் உண்டாகும். அதற்கு மாடுலை வெளி என்று பெயர். நகரின் நடுவில் முழு முறுக்குகள் வசிக்கும். ஓரத்தில், எல்லா ஊரிலும் போலவே, உடைந்தவை வசிக்கும். இனி அந்த நகர் முழுவதிலும் எந்தெந்தப் பரிமாணத்தில் ஓட்டைகள் இருக்கின்றன என்று கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். கேட்டுப் பதில் சொல்லும் கணக்குக்குக் கோஹோமாலஜி என்று பெயர். உலகில் சில நூறு பேர் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்.

ஒற்றைக் கண் முறுக்கு நகரைப் பற்றி அந்தச் சில நூறு பேருக்கும் ஒரு விஷயம் தெரியும். எள் பத்து இருக்கும்வரை ஒற்றைப்படைப் பரிமாணத்தில் ஓட்டை கிடையாது. பதினோராவது எள்ளை வைத்ததும் வந்துவிடும். ஏன் பதினொன்று என்பதற்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தவர்களும் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். எபினேசரின் தேற்றம் இதுதான்: இரண்டு கண் முறுக்கை அந்தச் சனியன் பிடிக்காது. எத்தனை எள் வைத்தாலும் ஒற்றைப்படை ஓட்டை வராது.

எபினேசரின் தாயார் தேவகிருபை இதை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்தார். போதகர் பிள்ளைப்பேறு, விசா, சிறுநீரகக் கல் ஆகியவற்றைக் கையாண்டு தேர்ந்தவர். ஒருமுறை இருமி, கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, தம்பி எபினேசர் ஆராய்கிற அந்த வெளியிலே, ஒற்றைப்படையான எந்தப் பரிமாணத்திலும் ஒரு ஓட்டையும் காணப்படாதபடிக்குக் கட்டளையிடும்."

சபை ஆமென் என்றது. இரட்டைப்படை ஓட்டைகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதில் சபையாருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

கட்டளை ஒருபுறம் இருக்க, தேற்றத்தை நிலையத்தின் கருத்தரங்கில் ஒப்பிக்க வேண்டும். அங்கே முன்வரிசையில் பக்தவச்சலம் உட்கார்ந்திருப்பார். ராயபுரத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற பிறகும் நிலையம் விடாத பேராசிரியர். ஆள் எடுக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பேசுபவர் சாக்பீஸை எடுத்ததும் அவர் கண் மூடிவிடும். தலை ஒரு பக்கம் சாயும். பேச்சு முடியும் தறுவாயில் கண் தானாகத் திறக்கும். "ஒரு சின்ன சந்தேகம்" என்பார். அந்த மூன்று சொற்களைக் கேட்ட பிறகு இரண்டு பேர் வங்கித் தேர்வு எழுதப் போயிருக்கிறார்கள். ஒருவர் ஊரையே விட்டுப் போய் இன்ஷூரன்ஸில் சேர்ந்தார். அவருடைய மாடுலை வெளி என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.

எபினேசர் பேசி முடித்தார். முன்வரிசையில் கண் திறந்தது.

"ஒரு சின்ன சந்தேகம். ஓரத்துல, உடைஞ்ச முறுக்கு இருக்கே, அங்க என்ன ஆகுது?"

அவர் உண்மையில் முறுக்கு என்று சொல்லவில்லை. பொதுமக்கள் நலனை இங்கும் கருதியிருக்கிறோம்.

எபினேசர் இதற்குத் தயாராக இருந்தார். முறுக்கு உடைந்தால் உடைந்த முனையில் தழும்பு விழும். தழும்பையும் ஓர் எள்ளாகத்தான் எண்ண வேண்டும். அது இந்தத் துறையின் சட்டம். கண்ணைச் சுற்றிய வளையம் ஓரிடத்தில் அறுந்தால் ஒரு கண் போய்விடும். மிஞ்சுவது ஒற்றைக் கண் முறுக்கு, அதில் புதிதாக இரண்டு தழும்பு. ஒன்பது எள்ளோடு இரண்டும் சேர்ந்தால் பதினொன்று. அரங்கில் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த இரண்டு தழும்பும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பவை. ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றிப் போட்டால் வடிவம் மாறாது. ஓட்டை மட்டும் கூட்டல் குறியிலிருந்து கழித்தல் குறிக்குத் தாவும். தன்னையே கழித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். அழகான வாதம். எபினேசரே ஓர் அடி பின்னால் தள்ளி நின்று பலகையைப் பார்த்துக்கொண்டார்.

"மற்ற உடைசல்களும் இவ்வாறே" என்று முடித்தார்.

"இவ்வாறே" என்று பக்தவச்சலம் தலையசைத்தார். கண் மறுபடி மூடிக்கொண்டது.

சில மாதத்தில் ஒரு வெளிநாட்டு இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அந்தச் செய்தியைத் தேவப்பிரியம் தேற்றம் உறுதியானதாக எடுத்துக்கொண்டார். வேலையும் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய ஊர் வழக்கப்படி, ஆண்டவர் ஒரு காரியத்தைச் செய்து முடித்தால் சபை முழுவதற்கும் அசனம் போட வேண்டும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். யாருக்காகச் செய்தாரோ அவர் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கறி போடலாமா என்று போதகர் தயங்கியதால், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை குறிக்கப்பட்டது. நிலையத்தில் நேர்முகம் அதற்கடுத்த திங்கள். ஆண்டவருக்கு இதில் சிறிது முன்பணம் கொடுத்ததுபோல் ஆயிற்று என்று எபினேசரின் மனைவி ஜெமிமாவுக்குத் தோன்றியது. மாமனாரிடம் அவர் அதைச் சொல்லவில்லை.

அசனத்துக்கு முந்தின வாரம், நிலையத்துக்குப் போய்விட்டு எபினேசர் மின்சார ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சரக்கு வண்டிக்கு வழிவிட, கொருக்குப்பேட்டைக்கு வெளியே ரயில் நின்றது. அந்த ரயில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நேரத்துக்கு ஓடியிருந்தால் இந்த வரலாறு இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். நின்றுவிட்டது. எரிந்த எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நிலக்கரி வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல், எதிர்த் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தன. பொழுதுபோகாமல் எபினேசர், கெட்ட வேளையில் மனிதர்கள் செய்யும் காரியத்தைச் செய்தார். சொந்த வாக்கியம் ஒன்றை யோசித்துப் பார்த்தார்.

மற்ற உடைசல்களும் இவ்வாறே.

மற்ற உடைசல்கள் எவை? முறுக்கு வளையத்தில் அறுந்துபோகாமல் நடுவில் இரண்டாகவே பிளந்தால்? ஆளுக்கொரு கண்ணாக இரண்டு துண்டு. துண்டுக்கு ஒரு தழும்பு. இரண்டு தழும்பும் வெவ்வேறு வீட்டில். மாற்றிப் போட இணை இல்லை. சரி, பத்து எள் வைத்திருந்தால்? ஐந்தைந்தாகப் பிரியலாம். ஆறும் நான்குமாகப் பிரியலாம். பத்தும் ஒரே துண்டோடு போய்விட்டால்?

எண்ணுவது எப்படி என்று எபினேசருக்குத் தெரியும். அதில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் மடியில் கையை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்த பிறகு தழும்பு ஒன்று மிச்சம் இருந்தது.

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா? வெளுத்துப் பூட்டியே" என்றாள்.

"ஒண்ணு அதிகமா வருதும்மா."

"அதிகமா வந்தா நல்லதுதான சார்" என்றாள் அவள். ரயில் நகர்ந்தது.

திருவொற்றியூரில் அவர்கள் வீடு கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. குடிவந்தபோது நான்காவது வரிசை. இடையில் இருந்த இரண்டு வரிசையையும் கடல் எடுத்துக்கொண்டது. அரித்த கரையில் கொட்டப் பாறாங்கல் ஏற்றிய லாரிகள் மாலையெல்லாம் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கல் விழும்போதும் சமையலறைத் தட்டுகள் மெல்ல அதிர்ந்தன.

ஜெமிமா தொலைபேசி அலுவலகத்தில் குமாஸ்தா. கணவர் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அத்தான், இத நீங்களாத்தான கண்டுபிடிச்சீங்க?"

"நானாத்தான்."

"அந்த இதழ்க்காரங்க கண்டுபிடிக்கல. நிலையத்துல யாரும் கண்டுபிடிக்கல."

"இல்ல."

"அப்ப நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

எபினேசர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "பக்தவச்சலம் சாருக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கு அவர் அங்கதான் கைய வெச்சாரு. நான் இவ்வாறேன்னதும் அதையே திருப்பிச் சொல்லிட்டுக் கண்ண மூடினாரு பாரு. அவருக்கு அப்பவே தெரியும். திங்கக்கிழமைக்காகக் காத்துக்கிட்டிருக்காரு."

வெளியே ஒரு கல் விழுந்தது. தட்டுகள் அதிர்ந்தன.

அசனத்துக்கு நல்ல கூட்டம். சோறு, குழம்பு எல்லாம் தேவப்பிரியம் கடை அண்டாவிலும் வாளியிலுமே பரிமாறப்பட்டன. ஒவ்வொன்றிலும் கடையின் பெயர் வெட்டியிருந்தது. யாருக்காக அசனமோ அவரே பரிமாற வேண்டும் என்பதால் எபினேசர் ரச வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தார். வரிசையின் கடைசியில், சலவை வேட்டியோடு, பக்தவச்சலம் உட்கார்ந்திருந்தார். தேவப்பிரியம் ராயபுரத்துக்கே நேரில் போய் அழைத்திருந்தார்.

எபினேசர் நடையை மெதுவாக்கினார். மெதுவாக நடந்தாலும் பந்திக்குக் கடைசி உண்டு. வாளி அவர் இலைக்கு மேலே வந்ததும் முதியவர் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்ன சந்தேகம்."

வாளியில் ரசம் தளும்பியது.

"இந்தக் கத்தரிக்காய்க் கூட்டுல எலும்பு ஏதாவது போட்டிருக்கா? நான் சைவம்."

"இல்ல சார்" என்றார் எபினேசர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாரம் முழுக்க இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவருக்குள் அவிழ்ந்துவிட்டது. குனிந்து, ரசம் ஊற்றுகிற பாவனையில், முதியவரின் காதருகே சொன்னார்: "சார், பதினொண்ணு வருது."

"எதுல?"

"ரெண்டாப் பிளந்தா. பத்து எள்ளும் ஒரே துண்டோட போனா, தழும்போட பதினொண்ணு. மாத்திப் போட இணை இல்ல."

பக்தவச்சலத்தின் கை சோற்றில் நின்றது. கண்கள் முழுதாகத் திறந்தன. அவ்வளவு பெரிய கண்கள் அவருக்கு இருப்பதை எபினேசர் அன்றுதான் பார்த்தார். பாத்தி கட்டாத ரசம் இலையின் ஓரத்துக்கு ஓடி, மேசை விரிப்பில் சொட்டியது.

"அன்னிக்கே கேட்டேனே" என்றார் முதியவர், கடைசியில்.

"இவ்வாறேன்னு சொன்னேன் சார். நீங்களும் சொன்னீங்க."

"உங்க பதில நான் எங்கப்பா கேட்டேன்? கேள்வி கேட்டதுமே எனக்குத் தூக்கம் வந்துடும். கடைசி வார்த்தை எது காதுல விழுதோ அதத் திருப்பிச் சொல்லிடுவேன். முப்பது வருஷப் பழக்கம்." அவர் குரல் மேலும் இறங்கியது. "என் புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சு, எபினேசர். கடைசி மூணு அத்தியாயமும் உங்க தேற்றத்து மேலதான் நிக்குது."

இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்த ரசத்தைப் பார்த்தார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டம்மாவுக்கு."

"கணக்கு படிச்சவங்களா?"

"பி.காம்."

"அப்ப சரி" என்றார் பக்தவச்சலம். கண்கள் மெல்லப் பழைய அளவுக்குச் சுருங்கின. "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க. இன்னும் கொஞ்சம் ரசம்."

எபினேசருக்கு அப்போதும் வழி இருந்தது என்பதை வரலாறு பதிவுசெய்ய வேண்டும். பந்தி முடிந்ததும் போதகர் மைக்கைத் தட்டி, சாட்சி சொல்ல அவரை மேடைக்கு அழைத்தார். மேடைக்கு நடக்கும்போது அவர் முடிவு செய்திருந்தார்: உள்ளதைச் சொல்லிவிடுவது. தப்பு நடந்துவிட்டது, தேற்றம் நிற்காது, சாப்பிட்டவர்கள் மன்னிக்கவும். மூன்று வாக்கியம். படி ஏறும்போது முதல் வாக்கியம் வாய்க்கே வந்துவிட்டது.

மேடையில், மைக்குக்குப் பக்கத்தில், பாலிதீன் உறையோடு அந்தச் சுழல் நாற்காலி இருந்தது.

"மொதலாளிதான் எத்தாரச் சொன்னாரு" என்றார் ரஷீது, பெருமையோடு உறையை இன்னொரு முறை துடைத்தபடி. "இன்னிக்கு உன் நாளு சின்ன மொதலாளி. குந்து."

முன்வரிசையில் தேவப்பிரியம் கைகட்டி உட்கார்ந்து, மகனையும் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுட்டே சொல்லுதியா, உக்காந்து சொல்லுதியால?" என்று கேட்டார்.

எபினேசர் மைக்கைப் பிடித்தார்.

"ஓட்டை இல்லை" என்றார். "ஒற்றைப்படையில் ஓர் ஓட்டைகூட இல்லை."

சபை ஆமென் என்றது. கூட்டத்தில் ஜெமிமா மட்டும் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

எபினேசருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பக்தவச்சலத்தின் புத்தகம் நன்றாக விற்றது. அதாவது, அந்தச் சில நூறு பேரும் வாங்கினார்கள். அதன்மேல் அவர்கள் வேறு தேற்றங்களைக் கட்டினார்கள், அவற்றின்மேல் இன்னும் சில. திருவொற்றியூரில் கடல் இன்னொரு வரிசையை எடுத்துக்கொண்டது. எபினேசர் கருத்தரங்குகளில் முன்வரிசைக்கு, முதியவரின் பக்கத்து இருக்கைக்கு, மாறினார். யாராவது "எபினேசரின் தேற்றப்படி" என்று தொடங்கினால் அவருக்கும் கண் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அறிஞர்கள் முன்வரிசையில் ஏன் தூங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். வயதாகிவிட்டது என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

2007ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை, வியாசர்பாடியிலிருந்து வந்து சேர்ந்திருந்த முதலாண்டு மாணவி ஞானசெல்வி தன் முதல் உரையை நிகழ்த்தினாள். புதிதாக எதுவும் இல்லை. எபினேசரின் தேற்றத்தை எள் எள்ளாக, கையால், சரிபார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள். எட்டு எள் வரை வந்தது. ஒன்பது வந்தது. முன்வரிசையில் இரண்டு தலைகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"பத்துல மட்டும் எனக்கு எதுவோ ஒத்துவரல" என்றாள் அவள், சாக்பீஸ் தூளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு. "பூஜ்யம் வரணும், வர மாட்டேங்குது. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருப்பேன்."

பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

முன்வரிசையில் இருவரும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எபினேசரின் மடியில் கிடந்த கைவிரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. அன்று காலையும் வண்ணாரப்பேட்டையில் ரஷீது உறையைத் துடைத்து வைத்திருந்தார்.